பதினெட்டு வருசப் பொடி

ஆடிக்காற்று அந்த ஆண்டு சங்கரன்கோவிலை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் நூருல் ஹுதா நடத்திவந்த இ-சேவை மையத்தின் கண்ணாடிக் கதவு நிமிடத்துக்கு ஒரு தரம் தானாகத் திறந்து தானாக அறைந்துகொண்டது. ஒவ்வோர் அறைக்கும் மேசைமேல் இருந்த விண்ணப்பங்கள் எழும்பிப் பறக்கப் பார்த்தன. நூருல் ஹுதா ஒரு கையால் அவற்றை அழுத்திக்கொண்டு, மறு கையில் பேச்சித்தாய் கொண்டுவந்த ஆஸ்பத்திரித் தாளை ஏந்தி வாசித்தாள். பாதியில் வாசிப்பு நின்றது.

"பேச்சியக்கா, ஒங்க வீட்டுக்காரரு மூக்குப்பொடி போடுவாரா?"

"பொடியா? அவரா? வெத்தில கூடத் தொடமாட்டாரு தாயி. கல்யாண வீட்டுல தாம்பூலத்த வாங்கி என் மடியிலதான் போடுவாரு. எதுக்குக் கேக்க?"

"இங்கன இங்கிலீசுல எழுதியிருக்கு. பதினெட்டு வருசமா பொடி போடுத பழக்கமாம். மூக்கு, வாயி, ரெண்டு வழியிலயும்."

பேச்சித்தாய்க்கு முதலில் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பங்குனி மாதத்து நிகழ்ச்சியொன்று, நேற்று நடந்ததுபோல், கண்முன் எழுந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வேற்றூர்க்காரரான இளம் மருத்துவர் ஒருவர் இசக்கிராஜாவை முக்காலியில் அமர்த்தி, முதுகில் குழலை வைத்துக்கொண்டே கேட்டார்: "பீடி, சிகரெட் ஏதாவது உண்டா?"

"பீடி கெடையாது சார். பொடிதான்."

"எத்தனை வருடமாக?"

"பதினெட்டு வருசமா சார். பொடி, பொடி, பொடிதான்."

"மூக்கிலா?"

"மூக்கு, வாயி எல்லாத்துலயும்தான் சார் போவும். அது என்ன, கேட்டுக்கிட்டா போவுது?"

மருத்துவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பேச்சித்தாயும் அருகில்தான் நின்றாள். அவள் காதிலும் அதில் ஒரு பிழையும் படவில்லை. படுவதெப்படி? வீட்டில் பெருக்கித் தள்ளுவது தூசி. காட்டில் கிடப்பது மண். பாறையில் இரும்பு இறங்கும்போது துளையின் வாயிலிருந்து மாவுபோலப் பீறிட்டு எழுவதற்கு, வெள்ளப்பாறை ஊரில் பொடி என்ற ஒரு பெயரைத் தவிர வேறு பெயர் கிடையாது. "பொடிக்குப் போயிருக்கான்" என்றால் குவாரிக்குப் போயிருக்கிறான் என்று அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும்.

"இத அழிச்சு எழுதச் சொல்லலாம்லா தாயி?"

நூருல் ஹுதா அங்கிருந்தபடியே ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். நாலு பேரிடம் மாறி மாறிச் சொன்னதையே சொன்னாள். வைத்தபின் அவள் முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

"எழுதுன டாக்டரு மாத்தலாகிப் போயிட்டாராம். தாளத் திருத்தமாட்டாங்களாம். ஆனா வெள்ளிக்கெழம தென்காசியில மெடிக்கல் போர்டு கூடுதுல்லா, அங்கன குவாரியில குழி போட்ட ஆளுதான்னு ஓர் அத்தாட்சி காமிச்சா, இது எந்தப் பொடின்னு டாக்டர்மாரே வெளங்கிக்கிடுவாங்களாம்."

"காமிக்கலன்னா?"

"பொடி போட்டுத் தன் நெஞ்சத் தானே கெடுத்துக்கிட்டாருன்னு முடிச்சிருவாங்க. தொழில்நோய்னு எழுதுனாத்தான் மாசாமாசம் உதவி, வீட்டுல வச்சுக்கிட ஆக்சிஜன் மெஷின், எல்லாம். இல்லன்னா ஒண்ணும் கெடையாது. அடுத்த போர்டு ஐப்பசியிலதான்." அவள் தாளை மடித்துக் கொடுத்தாள். "குவாரிக்கு ஒண்ணுன்னா ஒரு மாசத்துல அஞ்சு ஆபீசுக் கையெழுத்தும் வாங்கிருதாங்க. நெஞ்சுக்கு ஒண்ணுன்னா மூணு மாசத்துக்கு ஒருக்காதான் போர்டு கூடுதாம். அல்லா பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்."

ஐப்பசிக்கு எத்தனை மாதம் என்று பேச்சித்தாய் எண்ணவில்லை. அவள் கணக்கு வேறு. சித்திரையில் இசக்கிராஜா முக்குக் கடை வரை நடந்தார். ஆனியில் தெருக்குழாய் வரை. இப்போது வாசற்படி வரை. வாசற்படிக்கு இப்பால் இனி என்ன இருக்கிறது என்பதை அவள் நினைக்க விரும்பவில்லை.

திருவேங்கடம் சாலையில் பேருந்தை விட்டு இறங்கினால், இருபுறமும் உழுது போட்ட கரிசல். நடுவே லாரிகள் அரைத்து வெளுப்பாக்கிய பாதை. அப்பாதை முடியுமிடத்தில் வெள்ளப்பாறை. ஒரு காலத்தில் ஊருக்கு மேற்கே பாறை நின்றதாம். இப்போது அது நின்ற இடத்தில் பனைமர உயரத்துக்குப் பள்ளமே நிற்கிறது. இசக்கிராஜா அந்தப் பள்ளத்துக்குள் பதினெட்டு ஆண்டு நின்றவர். கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயைத் தோளில் சாற்றி, துளைக்கருவியை இடுப்போடும் வயிற்றோடும் அணைத்துக்கொண்டு, அது குதிக்கிற குதிக்கெல்லாம் தாமும் குதித்து, நாளொன்றுக்கு முப்பது குழி, நாற்பது குழி போட்டவர். மாலையில் வீடு திரும்பும்போது புருவமும் இமையும் வெளுத்திருக்கும். "மாவு மில்லுல இருந்து வாராரு மாப்பிள்ள" என்று தெருவார் கேலி செய்வார்கள். கூலி, ஒப்பந்தக்காரர் கையிலிருந்து அவர் கைக்கு வந்தது. எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் ஏறியதில்லை. முதலில் இருமல். காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை தின்றார். போகவில்லை. இன்னும் ஆறு மாதம் தின்றார். கோமதியம்மன் சந்நிதியின் புற்றுமண்ணையும் நெஞ்சில் பூசிப் பார்த்தாயிற்று. ஒன்றும் நெஞ்சுக்குள் இறங்கவில்லை. உள்ளே இருந்தது மட்டும் இறுகிக்கொண்டே போயிற்று.

பேச்சித்தாய் வீட்டுக்குப் போகாமல் நேரே குவாரி அலுவலகத்துக்குப் போனாள். எடைமேடைக் கூண்டுக்குள் அவள் தம்பி சங்கரநாராயணன் லாரிகளுக்குச் சீட்டு அடித்துக்கொண்டிருந்தான். குவாரியில் பொடி படாத வேலை அது ஒன்றே. இசக்கிராஜா மேலாளரின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து மைத்துனனுக்கும் கோமதிக்கும் கல்யாணமான புதிதில் வாங்கிக் கொடுத்த வேலை.

"என்னக்கா, வேகாத வெயில்ல?"

"மேனேஜர் அண்ணாச்சியப் பாக்கணும்லே."

மேலாளர் ராஜதுரை குரலுயர்த்திப் பேசாதவர். எதிரில் வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். அவள் சொன்னது முழுவதையும் கேட்டார். மூக்குப்பொடி என்று வந்த இடத்தில் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"சரியாப் போச்சு போ! படிச்ச படிப்பப் பாரேன்! இதுக்கா தங்கச்சி இப்படி முழிக்க? ஒரு கடுதாசிதான?" தட்டச்சுக்காரரை அழைத்து அங்கேயே அடிக்கச் சொன்னார். இசக்கிராஜா, துளையிடும் தொழிலாளி, பதினெட்டு ஆண்டு. கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். பேச்சித்தாய் இரு கைகளையும் நீட்டினாள். அவர் தாளை நாலாக மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"புதன்கெழம கூட்டம் இருக்குல்லா. குவாரியக் கெழக்க நாப்பது ஏக்கருக்குக் கூட்டுதோம். நாலுவழிச் சாலைக்குக் கல்லு வேணும்னு கவருமெண்டே நம்மள வெரட்டுது. ஆனாலும் ஊர்க்காரன் கருத்தக் கேக்கணும்னு ஒரு சட்டம். மாப்பிள்ளையக் கூட்டியா. அவரு ரெண்டு வார்த்த பேசட்டும். தண்ணி தெளிச்சுத்தான் இங்கன வேல நடக்கு, பொடியே கெடையாதுன்னு. அவ்வளவுதான். கூட்டம் முடியவும் கடுதாசி ஒன் கையில."

"அவருக்குப் பேச மூச்சு வராது அண்ணாச்சி."

"ரெண்டு வார்த்ததான தங்கச்சி."

வீட்டில் இசக்கிராஜா சுவரில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். பேச்சித்தாய் உளுந்தங்கஞ்சியை ஆற்றிக்கொண்டே விவரம் சொன்னாள். விழுங்கும்போது மூச்சை நிறுத்தவேண்டும். நிறுத்திய மூச்சைத் திரும்பப் பிடிக்க அவருக்கு நேரமாகும். ஆகையால் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையே ஒரு முழுக் கதையைச் சொல்லி முடிக்கலாம்.

"மூக்குப்பொடியா?" அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அவருக்கு ஆகாது. அடங்கக் கால்மணி நேரம் பிடித்தது. "அப்பம்… ஓசியிலல்லா… போட்டிருக்கேன்… அவ்வளவு பொடியும்."

"கிண்டல் பண்ணாதிய. கூட்டத்துல சொல்லுவியளா?"

"சொல்லிருதேன்."

"பொய்யில்லா அது?"

"நெசத்தச் சொல்லி… என்னத்த வாங்குனோம்? நெசத்தத்தான்… அந்த டாக்டர்கிட்ட… சொன்னேன்."

பேச்சித்தாய் அடுத்த வாய்க் கஞ்சியை நீட்டினாள். கூட்டத்துக்கு இருந்த இரண்டு நாளும் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகினார். 'எங்க குவாரியில தண்ணி தெளிச்சுத்தான் வேல நடக்கு.' மற்றச் சொற்கள் எப்படியோ, 'தெளிச்சு' என்ற சொல்லுக்கு வரும்போது மூச்சு அறுந்துவிடும். காணத் துவையலுக்கு அம்மியில் அரைத்துக்கொண்டே அவள் எடுத்துக் கொடுப்பாள். ஏழெட்டுத் தடவைக்குப் பின், அரைக்கிற கையின் போக்கிலேயே அவ்வாக்கியம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

புதன்கிழமை காலை, பக்கத்து வீட்டுக் கனகலட்சுமியும் வேறு சிலரும் ஏறிய ஆட்டோவில் அவர்களும் போனார்கள். கனகலட்சுமியின் கணவன் குவாரியில் டிப்பர் ஓட்டுகிறவன். "எங்க அண்ணன் பேசப் போறாவளாமே! மைக்கு கிடைச்சா விடமாட்டாவ" என்று அவள் இசக்கிராஜாவின் காலுக்குத் தன் மடியிலேயே இடம் கொடுத்தாள்.

குவாரி வாசலில் பந்தல் போட்டிருந்தது. காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்ததால் நாலு மூலையிலும் ஆள் நிறுத்திக் கயிற்றைப் பிடிக்கச் செய்திருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கேசரியும் காராச்சேவும். மேடையில் கூட்டத்தை நடத்த வந்த அரசு அதிகாரி, அவர் அருகே எழுதுகிற உதவியாளர்ப் பெண். ஓரமாக முக்காலியின்மேல் வீடியோப் பெட்டி, அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு. அதிகாரி எழுந்து சாலைகளின் தேவையையும், கல்லின் தேவையையும், அரசு இத்தொழிலுக்கு அளித்துவரும் ஊக்கத்தையும் விளக்கினார். கைதட்டினார்கள். பிறகு ராஜதுரை ஒலிவாங்கியை வாங்கினார்.

"நம்ம குவாரியில பதினெட்டு வருசம் குழி போட்ட தம்பி இசக்கிராஜா இப்பம் பேசுவாரு. தொழிலாளி வாயாலயே கேளுங்க."

சங்கரநாராயணன் அத்தானைக் கைத்தாங்கலாக மேடையோரம் கொண்டு நிறுத்தினான். ஒலிவாங்கி அவர் வாயருகே வந்தது. முதலில் கேட்டது சொல்லன்று. மூச்சு. நாலு மூலையிலும் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகள், அவர் நெஞ்சுக்குள் உரசுகிற உரசலைப் பெரிதாக்கி, கரிசல் காடு முழுதும் கேட்கும்படி இறைத்தன. கேசரி தின்றுகொண்டிருந்த கைகள் நின்றன. கயிறு பிடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க… குவாரியில… தண்ணி…"

மறுபடி மூச்சு. மறுபடி உரசல். ஓரத்தில் ஒரு குழந்தை பயந்து அழத் தொடங்கிற்று.

"தண்ணீர் கொடுங்கள் அவருக்கு" என்றார் அதிகாரி.

ராஜதுரை ஒலிவாங்கியைச் சட்டென்று அவர் வாயிலிருந்து அகற்றிப் பேச்சித்தாயிடம் நீட்டினார். புன்னகை மாறவில்லை. தாழ்ந்த குரலில், "நீ சொல்லு தங்கச்சி. அவரு சொல்ல வந்தத" என்று தம் சட்டைப்பையை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார்.

வாக்கியம் அவள் நாவின் நுனியில் இருந்தது. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அவளுக்கு மூச்சுக்குக் குறைவில்லை. எனினும் அவள் கண், எழுதிக்கொண்டே இருந்த அந்தப் பெண்ணின் கைமேல் நிலைத்தது. அந்தக் கை இப்போது எதை எழுதுகிறது? இவர் இன்னும் ஒன்றும் பேசி முடிக்கவில்லையே. அப்படியானால்…

"சார், ஒரு சந்தேகம்" என்றாள். தன் குரலையே ஒலிபெருக்கியில் கேட்டு ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். "இங்கன பேசுறதெல்லாம் எழுத்துல ஏறுமா?"

"ஏறும் அம்மா. வீடியோவிலும் பதிவாகிறது."

"இப்பம் மேனேஜர் அண்ணாச்சி சொன்னதும் ஏறிட்டா?"

"எது?"

"எங்க வீட்டுக்காரரு இந்தக் குவாரியில பதினெட்டு வருசம் குழி போட்டாருன்னு சொன்னாவள்லா, அது."

அதிகாரி உதவியாளரைப் பார்த்தார். அவள் தாளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"அது ஏறுனாப் போதும் சார். நான் வேற ஒண்ணும் சொல்லல. அத ஒரு தாளுல எழுதி, முத்திர குத்திக் குடுக்கச் சொல்லுங்க. வெள்ளிக்கெழம போர்டுக்கு வேணும்."

பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. அதிகாரி ராஜதுரையைப் பார்த்தார். வீடியோப் பெட்டியையும் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "எழுதிக் கொடும்மா" என்றார், யார் முகத்தையும் பாராமல்.

உதவியாளர்ப் பெண் தாளை எடுத்தாள். "குழி போட்டார் என்றால்? மரம் நட வெட்டுவார்களே, அந்தக் குழியா?"

பேச்சித்தாய் மேடைக்கு இன்னும் நெருங்கினாள். ஒரு சொல்லால் பட்டது போதும். "இல்லம்மா. மரக்குழி இல்ல. பாறையில, வெடி வைக்கிறதுக்கு. காத்து மெஷின வயித்தோட சாத்திக்கிட்டுத் துளைக்கிறது. நல்லாப் பாத்து எழுது தாயி. எழுதிட்டு எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காமி."

அவள் வாசித்துக் காட்டினாள். பேச்சித்தாயும் எழுத்துக் கூட்டி ஒரு தரம் வாசித்த பின்னரே கையை நீட்டினாள். பந்தலின் பின்வரிசையிலிருந்து, "நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட வந்துட்டா பாரு" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அவள் திரும்பவில்லை. தாளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அவளுக்குப் பின் பேசிய பதினொரு பேரும், தண்ணீர் தெளித்தே வேலை நடக்கிறது, பொடியே கிடையாது என்று சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள். ராஜதுரை கடிதத்தைக் கிழிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. மேடையைவிட்டு இறங்குகையில் அவளைக் கடந்துபோனவர், "நல்லாப் பேசுன தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் அவளுக்கு இவ்வளவு கலக்கம் இராது.

ஆட்டோ புறப்பட்டுக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் கணவரைத் தாங்கிக்கொண்டு கையசைத்தாள்.

"எடமில்ல பேச்சி" என்றாள் கனகலட்சுமி. வரும்போது இசக்கிராஜா உட்கார்ந்த இடத்தில் ஒரு காராச்சேவுப் பொட்டலம் இருந்தது.

"அவரு நடக்கமாட்டாருட்டி கனகு. அவரையாவது ஏத்திக்கோ."

"எங்க வீட்டுல மூணு பேரு இந்தக் குவாரிச் சோறு திங்கோம்." கனகலட்சுமி அழுகிறவள்போல் இருந்தாள். "என்னய ஒண்ணும் கேக்காத. எடு வண்டிய!"

ஊருக்கு இரண்டு கிலோமீட்டர். முப்பது அடிக்கு ஒரு தரம் இசக்கிராஜா நின்றார். நிற்கும்போது இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொள்வார். காற்று எதிர்முகமாக அடித்தது. லாரிகள் அவர்களைக் கடந்தபோது ஓட்டுநர்கள் எவரும், வழக்கத்துக்கு மாறாக, வேகத்தைக் குறைக்கவில்லை. மதகுக் கட்டையை எட்டியபோது, "கொஞ்சம்… இரி" என்று அமர்ந்துவிட்டார். பேச்சித்தாய் முந்தானையை விரித்து, காற்றுக்கு மறைப்பாக அவர்முன் நின்றாள். தாள் நெஞ்சில் மொடமொடத்தது. வெள்ளிக்கிழமை வரட்டும். இந்தத் தாளைக் கண்டபின் எந்தப் பொடி என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். மெஷின் வரும். வாசற்படியிலிருந்து குழாய் வரையாவது திரும்ப நடப்பார்.

பைக் சத்தம் கேட்டது. சங்கரநாராயணன்.

"அத்தான், ஏறுங்க." அவன் அக்காளைப் பார்க்கவில்லை.

"மேனேஜர் ஒன்னயத் திட்டுனாராலே?"

"இல்ல. டீ வாங்கிக் குடுத்தாரு."

"பொறவு?"

"எடைமேடைக்கி இனிமே ஆளு வேண்டாமாம். கம்ப்யூட்டரே சீட்டு அடிக்குமாம். நாளையில இருந்து அத்தான் குழி போட்ட மெஷின நீ எடுத்துக்கோன்னாரு." அவன் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தான். "இல்லன்னா, ஒங்க அக்கா வாங்கிட்டுப் போன தாள வெளக்கு வைக்கிறதுக்குள்ள கொண்டாந்து எம் மேசையில வையின்னாரு. வச்சா எடைமேடையிலயே இருக்கலாமாம்."

"வேற எங்கனயாவது போயிருலே. சிவகிரியில, ராசபாளையத்துல…"

"கோமதிக்கு இது ஏழாம் மாசம்க்கா. இப்பம் நான் எங்கன போவேன்?"

பேச்சித்தாயின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. தாளின் ஓரம் விரலில் பட்டது. எடுத்துக் கொடுத்தால் கணவர் போவார். வைத்துக்கொண்டால் தம்பி. அவள் விரல்கள் அங்கேயே நின்றன, எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"அத வெளிய எடுக்காத" என்றான் தம்பி, இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்து. "காலையில ஆறு மணிக்கு வாரேன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

"ஏலே சங்கரு…"

"கொஞ்ச நாளைக்கித்தானக்கா. அத்தானுக்கு மெஷின் வரட்டும். அது வரைக்கும்."

இசக்கிராஜா இரு கைகளையும் முழங்காலில் ஊன்றினார். மதகிலிருந்து எழுந்து, மைத்துனனின் தோளைப் பற்றிப் பைக்கில் ஏறினார். மூவருக்கு அதில் இடமில்லை. "நீ… மெல்ல வா" என்று மனைவியிடம் கையசைத்தார்.

வண்டி நகர்ந்தது. பேச்சித்தாய் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒலிவாங்கிமுன் மூன்று சொல்லைச் சேர்த்துச் சொல்ல இயலாத அந்த மனிதர், சங்கரநாராயணனின் முதுகோடு ஒட்டி, அவன் காதருகே வாயை வைத்து, நிறுத்தி நிறுத்தி, ஆனால் விடாமல், ஏதோ சொல்லிக்கொண்டே போனார். வேண்டாமென்று தடுக்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். காற்று ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி, அவர் சொன்னதில் கொஞ்சத்தை அவளிடம் கொண்டுவந்து போட்டது.

"ஈரத்துணி… ரெண்டு மடிப்பா… மூக்கோட சேத்து… காத்துக்கு முதுகக் குடுத்து நில்லு…"